நாக்கைப் பார்க்காமல் போகாதவர்

அவருடைய டிராமுக்குப் பின்னால் டிராம் ஓட்டுவதைப் போல எரிச்சலான வேலை மெல்போர்னில் வேறு இல்லை. முந்திப்போக வழி கிடையாது. ஒரே தண்டவாளம். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும், அவர் ஊர்ந்தால் நானும் ஊர வேண்டும். ஒவ்வொரு சந்தியிலும் அவர் ஊர்வார். என் வண்டியில் இருப்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள். "முன்னால போறது எங்க அண்ணன், அவரைப் போய்க் கேளுங்க" என்று தமிழில் முணுமுணுத்துக்கொள்வேன். யாருக்குப் புரியப்போகிறது.

எங்கள் டிப்போவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மன்னார்க்காரர், அறுபதை நெருங்கியவர். நான் மதுரைக்காரி. கணினி வேலைக்காரக் கணவனோடு வந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லியில் வாடகைக்கு வீடெடுத்து, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் டிராம் ஓட்டப் பழகியவள். ஊரில் ஸ்கூட்டி கூட ஓட்டியதில்லை என்பதை டிப்போவில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் என்னைத் தங்கச்சி என்பார். நான் அண்ணே என்பேன்.

டிராமுக்கு ஸ்டீயரிங் கிடையாது. இது ஏறி இறங்குகிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. தண்டவாளம் போகிற பக்கம் வண்டி போகும், அவ்வளவுதான். ஆனால் சந்தியில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும்போது எந்தப் பக்கம் என்று யாராவது சொல்ல வேண்டும். அதை ஓட்டுகிறவர்தான், ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு விசை இருக்கும். இடம், நேர், வலம். சந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்பே அதைத் தள்ளிவிட வேண்டும். சாலைக்குள் புதைத்துவைத்திருக்கும் கம்பிச்சுருளின் மேல் வண்டி போகும்போது, வண்டியின் அடிவயிற்றிலிருந்து அதற்குச் செய்தி போகும். உடனே, தண்டவாளம் பிரிகிற இடத்தில் கூராக இழைத்த ஓர் இரும்புப் பட்டை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்து படியும். எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று ஓரத்தில் ஒரு விளக்கு அம்புக்குறி காட்டும். முன்சக்கரம் அந்தப் பட்டையைத் தாண்டிவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் மாற்ற முடியாது. வண்டி அந்தப் பக்கம்தான்.

விதிப்படி விளக்கை மட்டுமல்ல, பட்டையையும் பார்க்க வேண்டும். நாங்களெல்லாம் பார்த்தோம் என்று பெயர் பண்ணிக்கொண்டு போவோம். அவர் பார்ப்பார். அந்தப் பட்டைக்கு அவர் வைத்த பெயர் நாக்கு. டிப்போவுக்குத் திரும்பும்போது அவர் வண்டியில் பயணியாக நின்று எத்தனையோ தடவை கவனித்திருக்கிறேன். சந்தி வருகிறதென்றால் வேகத்தை நடையளவுக்குக் குறைத்து, முன்கண்ணாடியில் நெற்றி முட்டும்படி குனிந்து, நாக்கு ஒட்டியிருக்கிறதா, இடைவெளி தெரிகிறதா என்று முழுக்கப் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகு கட்டைவிரலால் நெஞ்சில் ஒரு குட்டிச் சிலுவை போடுவார். பார்ப்பதற்கு முன்பு ஒருநாளும் போட்டதில்லை.

"ஏன் அண்ணே, அதான் லைட்டு எரியுதுல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"லைட் எரியுது எண்டு லைட் சொல்லுது, தங்கச்சி. நாக்கு திரும்பினதோ எண்டு நாக்கைத்தான் கேக்கவேணும்."

"மாதாவையும்தான் கேக்குறீங்க."

"மாதாவிட்டைக் கேக்கிறதில்லை. பாத்திட்டன் எண்டு சொல்லுறனான்."

இப்படிப்பட்ட மனிதருக்கு, கொரோனா ஊரடங்கு வந்த வருடம், மருத்துவமனையில் கிடந்த தன் மனைவியைக் கண்ணால் பார்க்க வழியில்லாமல் போனது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அவருடைய டிராம் மாதிரி நானும் சந்திக்குச் சந்தி நின்றுதான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு டாண்டினோங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். கலகலப்பானவர். சமையலறைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே கணவரின் மானத்தை வாங்கினார்.

"எங்கட கலியாணத்துக்கு ரெண்டு பக்கமும் போட்டோ மாத்தினவை. இவர் போட்டோவை நம்பேல்லை. ஆருக்கும் சொல்லாமல் பஸ் மாறி மாறி எங்கட வீட்டு வாசலிலை வந்து நிண்டு, என்னை நேரை பாத்திட்டுத்தான் ஓமெண்டவர். அப்பா கள்ளனெண்டு நினைச்சு விளக்குமாறைத் தூக்கிப்போட்டார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தபடி, கொஞ்சமும் வெட்கப்படாமல் சொன்னார். "போட்டோவிலை இவவின்ரை கண் வேறை எங்கையோ பாத்தது. நேரை போனா என்னைத்தான் பாத்தது."

எல்லோரும் சிரித்தோம். கேஸ் அடுப்பை அணைத்ததைப் போய்ப் பார்ப்பது, பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பது, சாப்பாட்டுப் பெட்டியில் மீன் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாலும் மூடியைத் திறந்து மீன்தானா என்று பார்ப்பது என்று அக்கா வரிசையாக எடுத்துவிட்டார். ஏன் இப்படி ஆனார் என்று என் கணவர் விளையாட்டாகக் கேட்டார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சண்டை நேரம், ரோட்டு திறந்தாச்சு எண்டு ஸ்பீக்கரிலை சொன்னவங்கள். சனம் நம்பிப் போனது" என்றார். அக்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

அவருடைய பார்வையால் பெரிய விபத்து எதுவும் தடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியாது. பெரும்பாலும் வெட்டி வேலைதான். ஒருமுறை அலுவலகம் விடுகிற நேரம், நல்ல மழை, சாலையோர மரங்களின் இலையெல்லாம் தண்டவாளத்தில் அப்பிக் கிடந்தது. அம்பு நேராகக் காட்டியது. அவர் வண்டியை நிறுத்திவிட்டார். கடப்பாரைக்குத் தம்பி மாதிரி ஒரு இரும்புக்கம்பி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும், நாக்கு நகராவிட்டால் கையால் நெம்புவதற்கு. அதைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி, இலையைத் தள்ளி, குனிந்து, குத்திப் பார்த்து, எழுந்து, ஹார்ன் அடித்த கார்களுக்கெல்லாம் கையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறினார். அதற்குள் அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் டிராம் டிராமாக. டிப்போவில் அவரைப் பிடித்துக் கத்தினேன்.

"என்ன அண்ணே இருந்துச்சு அங்க?"

"ஒண்டும் இல்லை."

"அப்புறம்?"

"ஒண்டும் இல்லை எண்டு பாத்தனான்" என்றார், சட்டையைப் பிழிந்தபடி.

ஊரடங்கு தொடங்கிக் கொஞ்ச நாளில் அக்கா சமையலறையில் விழுந்தார். பக்கவாதம். ஆம்புலன்ஸில் கூடவே ஏறப்போன அண்ணனைக் கதவடியிலேயே நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனைக்குள் யாரும் போகக்கூடாது என்று உத்தரவு. அக்காவுக்கு வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய், ஏதோ நாலைந்து சொல் மிஞ்சியது. அதுவும் தமிழ்ச் சொல். அங்கே யாரிடம் அதைப் பேசுவது?

அண்ணன் தினமும் வார்டுக்குப் போன் செய்வார். "கம்ஃபர்ட்டபிளாக இருக்கிறார்" என்பார்கள். தினமும் அதே சொல். போன் திரையில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டால் காட்டுவார்கள், ஆனால் அக்காவுக்கு அந்தத் திரையைப் பார்க்கத் தெரியவில்லை. பிடித்திருக்கிறவரின் கை தளர்ந்து, படம் கூரைக்குப் போய்விடும். "முகட்டைத்தான் தங்கச்சி காட்டுது" என்றார் என்னிடம். "கம்ஃபர்ட்டபிள் எண்டுறாங்கள். அது லைட். நான் நாக்கைப் பாக்கவேணும்."

அலுவலகங்களையும் கடைகளையும் மூடிவிட்டாலும் டிராம்களை நிறுத்தவில்லை. காலி வண்டிகளை ஊர் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தோம். அதில் ஒரே ஒரு நல்லது நடந்தது. அப்போது அவர் ஓட்டிய தடம், நகரத்திலிருந்து நேராக வந்து ஒரு சந்தியில் இடப்பக்கம் திரும்பி, அந்த மருத்துவமனை வாசல் வழியாகப் போகும். வார்டில் ஒரு மலையாளி நர்ஸ் இருந்தது. நல்ல பெண். அவர் வண்டி வருகிற நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு, அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்து இரண்டாம் மாடி ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அவர் வாசலில் இருக்கிற நிறுத்தத்தில் நிறுத்தி, இரண்டு தடவை மணியடிப்பார். அக்கா இடக்கையைத் தூக்கி விரல்களை விரித்து உதறுவார். போ, போ, நேரமாகிறது என்று விரட்டுகிற மாதிரி. வீட்டு வாசலிலும் அப்படித்தான் வேலைக்கு அனுப்புவாராம். அவர் சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புவார். ஏறி இறங்க ஆளில்லாத காலம், ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் கேட்பாரில்லை.

அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர் உயிரோடு இருந்தார். மற்ற நேரத்தில் வண்டி ஓட்டினார், அவ்வளவுதான்.

பிறகு, யாருக்கு எந்தத் தடம் என்கிற ரோஸ்டர் மாறியது. ஓட்டுநர்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒரு குழு இன்னொரு குழுவோடு கலக்கக்கூடாது என்றார்கள். தொற்று பரவாமல் இருக்கவாம். அவருக்கு விழுந்த தடம் அதே சாலையில் வந்து, அதே சந்தியில் திரும்பாமல் நேராகப் போவது. இடப்பக்கம் திரும்புகிற தடம் எனக்கு விழுந்தது. அவர் அலுவலகத்தில் போய்க் கெஞ்சினார். நான் மாற்றிக்கொள்கிறேன் என்று நானும் கெஞ்சினேன். மேலதிகாரி கல்நெஞ்சர் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார், உண்மையாகவே முடியாது என்றார்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் தள்ளி நின்று, முகக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீ பாத்துச் சொல்லுறியோ, தங்கச்சி?"

யார் சொல்லையும் நம்பாத மனிதர். "சொல்றேன் அண்ணே" என்றேன்.

அதிலிருந்து நிறுத்தத்தில் நிறுத்தி நான் மணியடிப்பேன். தடத்தின் கடைசியில் இறங்கி நின்று அவருக்குப் போன் செய்வேன். கையைத் தூக்கினாங்க என்றால் போதாது. விரல் விரிச்சவவோ? உதறினவவோ? தலை இழுத்துக் கட்டியிருந்ததோ? உன்னைப் பாத்தவவோ, வேறை எங்கையும் பாத்தவவோ? ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் டிராம் ஓட்டுறேனா அண்ணே, துப்பறியுறேனா?" என்று கேட்டுவிட்டேன். போனில் அழுகிற சத்தம் கேட்டது. "நீ சொல்லுறதை வச்சுத்தான் தங்கச்சி நான் இரவு படுக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லப் பழகினேன். சட்டை நிறம் உட்பட.

அப்புறம் ஒருநாள் ஜன்னலில் நாற்காலி இல்லை. இல்லை என்றுதான் சொன்னேன். மறுநாள் ஜன்னல் திரையே இழுத்து மூடியிருந்தது. அதையும் சொன்னேன். வார்டுக்குள் தொற்று புகுந்துவிட்டது, அக்காவுக்கும் வந்துவிட்டது, ஆனால் கம்ஃபர்ட்டபிளாகத்தான் இருக்கிறார் என்று அவருக்குப் போனில் தகவல் வந்தது. எந்தப் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொண்டாவது வருகிறேன், வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். நிலைமை மோசமானால் கூப்பிடுவோம் என்றார்கள்.

"கூப்பிடுவம் எண்டுறாங்கள். கூப்பிட்டுத்தான் நான் கேள்விப்படவேணுமோ?" என்றார்.

அதற்கு அடுத்த நாள், நகரத்திலிருந்து வரும்போது எனக்கு முன்னால் அவர் வண்டி. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சாலையில் ஈ காக்கை இல்லை. சந்தி நெருங்கியது. அவர் வண்டி வழக்கம்போல் ஊரத் தொடங்கியது. நானும் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினேன். அப்போது பார்த்தேன், ஓரத்து விளக்கில் அம்பு இடப்பக்கம் காட்டியது. அவர் நேராகப் போக வேண்டியவர். சரி, விசை சொன்னதை நாக்கு கேட்கவில்லை, நிறுத்தி, கம்பியோடு இறங்கப்போகிறார் என்று நினைத்தேன். வண்டி நாக்குக்கு முன்னால் நின்றேவிட்டது. அவர் இறங்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. பிறகு மெதுவாக இடப்பக்கம் திரும்பியது.

அவர் பின்னாலேயே போனேன். என் தடம் அதுதானே.

மருத்துவமனை வாசலில் நிறுத்தி மணியடித்தார். திரை மூடியிருந்தது. மறுபடி அடித்தார். மறுபடி. என் வண்டியில் ஒருவரும் இல்லை. பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி முன்னால் ஓடினேன். அவர் வண்டியில் ஒரே ஒரு பெண், துப்புரவு வேலைச் சீருடையில், தனக்கும் இங்கேதான் இறங்க வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். உள்ளே ரேடியோவில் கன்ட்ரோல் ரூம் அவர் வண்டி எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மணியை அடித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, போதும்" என்றேன்.

"பாக்கட்டும். பாக்கட்டும்" என்றார்.

திரை விலகியது. தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் போர்த்திய ஓர் உருவம். அந்த நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். கட்டிலையே ஜன்னல் பக்கம் இழுத்து, தலைமாட்டை உயர்த்தியது. அக்காவின் முகம் கொஞ்சம்தான் தெரிந்தது. பிறகு இடக்கை மேலே எழுந்தது. இரண்டு தடவை ஆடியது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தூக்கிட்டாங்க அண்ணே, கைய தூக்கிட்டாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லை, தங்கச்சி" என்றார். "விரல் விரியேல்லை. மணிக்கட்டிலை பார். அந்தப் பிள்ளை பிடிச்சுத் தூக்குது."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. நல்ல பெண் என்று சொன்னேன் அல்லவா. தன்னால் முடிந்ததைச் செய்தது.

அவர் கையை மணியிலிருந்து எடுத்தார். "அடிச்சது காணும். பாத்திட்டன்" என்றார். சிலுவை போட்டார். பிறகு ரேடியோவை எடுத்துப் பதில் சொன்னார். மேற்பார்வையாளர் வந்து வண்டியை வாங்கிக்கொண்டார். அன்றோடு அவரை ஓட்ட விடவில்லை.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. அந்தச் சந்தியில் நாக்கு சொன்ன பேச்சைக் கேட்காமல் திரும்புவது உண்டு. நாங்களே எத்தனையோ தடவை புகார் கொடுத்திருக்கிறோம். விசையை நேராகத்தான் தள்ளினேன், கவனிக்காமல் போய்விட்டேன் என்று சொல்லிவிடுங்கள், ஒரு எச்சரிக்கையோடு போய்விடும் என்று தொழிற்சங்கத்து ஆள் அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னார். நானும் சொன்னேன்.

"நான் பாக்காமல் போனனான் எண்டு சொல்லச் சொல்லுறியோ?" என்று கேட்டார். அவ்வளவு கோபமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. "இடப்பக்கம் எண்டு கேட்டனான். நாக்கு இடப்பக்கம் கிடந்தது. வடிவாப் பாத்துத்தான் போனனான்."

விசாரணையிலும் இதையே ஆங்கிலத்தில் சொன்னார். ஓட்டும் உரிமையை எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே ஒரு காலையில் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். நிலைமை மோசம் என்று சொல்லக் கூப்பிடவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டது, கஷ்டப்படவில்லை என்று சொன்னார்கள். அவர் நன்றி சொல்லிப் போனை வைத்தாராம்.

அடக்கத்துக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு. ஆள் ஆளுக்குத் தள்ளித் தள்ளி நின்றோம். பெட்டி மூடியே வந்தது. தொற்றில் போனவர்களைத் திறந்து காட்டுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மூடியில் பெயர் ஒட்டியிருந்தது. அவர் அந்தப் பெயரை வாசித்தார். பிறகு பெட்டியைக் கொண்டுவந்த ஆளிடம் போய், முகத்தை மட்டும், ஒரே ஒருமுறை என்று கேட்டார். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, மன்னிக்க வேண்டும் என்றார்.

அவர் திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். குனிந்தார். மூடியும் பெட்டியும் சேருகிற விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார். எங்கேயும் இடைவெளி இல்லை. பாதிரியார் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எனக்கு எரிச்சல் வரவில்லை. அந்தப் பழைய எரிச்சல் வராதா என்று இருந்தது.

நிமிர்ந்து என்னைத் தேடினார். "தங்கச்சி, உள்ளுக்கை இவதானே?"

அத்தனை நாள் அவருக்காகப் பார்த்துச் சொன்னவள் நான். சட்டை நிறம்வரை சொன்னவள். என்ன சொல்வேன்.

"பேரு ஒட்டியிருக்கு அண்ணே" என்றேன்.

"ஓம்" என்றார். "பேர் ஒட்டியிருக்கு."

பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். அவர் கட்டைவிரலால் நெஞ்சில் அந்தக் குட்டிச் சிலுவையைப் போட்டார். பார்க்காமலே போட்டார்.